டிராகன் பக்கம் ஒருத்தி

வெர்னா ஹக்காலாவை வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தவர்கள் கனடாவின் தண்டர் பே என்ற எங்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. அவள் அப்பா நினைத்தார். காகித ஆலையின் மேற்பார்வையாளர் நினைத்தார். கட்டிய கணவன் வில்ஹோவும் நினைத்தான். அப்பா காலமாகிவிட்டார், ஆலையை மூடிவிட்டார்கள், வில்ஹோ மேற்கே ஆல்பர்ட்டாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். வெர்னா மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறாள்.

ஆலை மூடிய பிறகு நகராட்சியின் பனி ஹாக்கி அரங்கத்தில் அவளுக்குப் பனி வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. ஆட்டத்தின் இடைவேளையில் உள்ளே இறங்கி, சறுக்குக் கத்திகள் கீறிப்போட்ட பனியைச் சீவி, அதன்மேல் வெந்நீர் விட்டு வழவழப்பாக்கிவிட்டு வெளியே வர வேண்டும். அதற்கு முன் அந்த வண்டியில் ஒரு பெண் உட்கார்ந்ததை ஊர் பார்த்ததில்லை. முதல் குளிர்காலத்திலேயே ஆட வந்த ஏதோ ஒரு பையனின் தகப்பன் மேலே பார்வையாளர் வரிசையிலிருந்து, "வீட்டுக்குப் போய் சூப் கிண்டு, அம்மணி!" என்று கத்தினான். வெர்னா வண்டியை நட்ட நடுப் பனியில் நிறுத்தினாள், இறங்கினாள், நடந்து போய்க் கடையில் காப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு அணியும் காத்திருந்தன. நடுவர் வந்து கெஞ்சினார். கடைசியில் அந்தத் தகப்பனே இறங்கி வந்து, குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது. அதற்கப்புறம் அந்த அரங்கத்தில் சூப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆனால் ஊர் வாய்க்கு எதற்கும் ஒரு காரணம் வேண்டுமே. வெர்னா முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டால், "வில்ஹோ போனதிலேர்ந்து இப்படித்தான்" என்பார்கள். தனியாகக் காட்டுக்குப் போய் மூஸ் மான் சுட்டுக் கொண்டுவந்தால், "பாவம், வில்ஹோ போனதிலேர்ந்து." வில்ஹோ இருந்த காலத்திலும் அவள் முடி கட்டைதான், வீட்டிலிருந்த துப்பாக்கியும் அவளுடையதுதான். இதை எடுத்துச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஒரு பெண்ணை விட்டுவிட்டு ஒருவன் போய்விட்டால், அதற்குப் பிறகு அவள் தும்மினாலும் அவன் பெயரில்தான் வரவு வைப்பார்கள்.

இதெல்லாம் இல்லாத இடம் ஒன்று அவளுக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், சின்னப் பிள்ளைகளின் பயிற்சி முடிந்து மாலை ஆட்டம் தொடங்கும்வரை, அரங்கத்தின் மாடியறையில் ஒரு மேசை. அந்த மேசையைச் சுற்றி நான்கு பேர். அங்கே அவள் வெர்னா இல்லை, கெஸ்ரா. ஒரு கால் நொண்டி, கையில் கோடாலி, வாயில் எப்போதும் வசை. பதினெட்டு வருடமாக அவள் கெஸ்ரா.

அந்த மேசையில் ஆடுவது ஒரு கதை ஆட்டம். அதை நடத்துபவன் ஓரெஸ்ட் மஸூர். தபால்காரன். பனியில் வீடு வீடாக நடந்துகொண்டே ஒரு முழு உலகத்தை மனதுக்குள் கட்டியவன். அதன் மலைகள், அரசர்கள், டிராகன்கள் எல்லாமே அவன் காலால் நடந்து யோசித்தவை. மற்ற மூவருக்கும் அந்த உலகத்தில் ஆளுக்கொரு ஆள். ஓரெஸ்ட் நடப்பதைச் சொல்வான், இவர்கள் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள், சந்தேகம் வந்தால் பகடை. குழாய் வேலை செய்யும் ரெனாட்டோ பெல்லூஸ், டோர்வின் என்ற குள்ள வீரன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருக்கும் கேண்டஸ் மிஷானோ, மிம்லா என்ற திருடி. மேசையில் அவர்களுக்கு விரல் உயரத்தில் வண்ணம் பூசிய பொம்மைகள் உண்டு. கெஸ்ராவின் பொம்மைக்கு மூக்கில் வண்ணம் போய்விட்டது. வெர்னா அதற்கு மறுபடி வண்ணம் பூச விட்டதில்லை, சண்டை போட்ட மூக்கு அப்படித்தான் இருக்கும் என்பாள்.

அந்த மேசைக்கென்று ஒரு சட்டம் இருந்தது. ஒரே படகு. ஆட்டம் தொடங்கி மூன்றாம் வருடம், ரெனாட்டோவும் கேண்டஸும் கடல் கொள்ளைக்காரர்களோடு போய்விட, வெர்னா கரையிலேயே நின்றுவிட்டாள். ஓரெஸ்ட் அந்தக் குளிர்காலம் முழுவதும் இரண்டு கதை நடத்தவேண்டி வந்தது. அவன் மனைவி அவனைப் பெட்டியோடு வெளியே வைக்கும் நிலைக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து, எந்தக் கட்சியோடு சேர்வது என்ற பெரிய முடிவு வந்தால் எல்லோரும் ஒரே படகில் ஏற வேண்டும். ஏறாதவரின் ஆள் கதையை விட்டே போய்விட வேண்டும். அது போனால் போனதுதான், திரும்ப வராது. இத்தனை வருடத்தில் யாரும் இறங்கியதில்லை. வாய் கிழியச் சண்டை போட்டுவிட்டுக் கடைசியில் ஏறிவிடுவார்கள்.

இந்த முறை பிரச்சினை ஹெல்வுரா என்ற டிராகன். மெர்டோ என்ற ஊர் ஓர் இரவில் சாம்பலாகிவிட்டது. ஹெல்வுராதான் எரித்தாள் என்று வேட்டைக் கூட்டணி சொன்னது. சென்ற வாரம் அவளைப் பிடித்து, ஒரு குகையில் கழுத்தைச் சங்கிலியால் தரையோடு கட்டிப்போட்டிருந்தார்கள். கூட்டணியில் சேர வேண்டுமென்றால் இவர்கள் கையாலேயே அவள் கழுத்தை வெட்ட வேண்டும். சேர்ந்தால் கோட்டை, கப்பல், கொடி. மறுத்தால் இருப்பது சாம்பல் மடம். டிராகன்களோடு பேசிப் பழகும் சாமியார்கள், கிழிந்த கம்பளி, ஒரு பானைக் கஞ்சி.

அந்த ஞாயிறு வெளியே காற்று ஏரியிலிருந்து ஊசியாய் வந்துகொண்டிருந்தது. கேண்டஸ் ஒரு பெட்டி நிறைய இளஞ்சிவப்புச் சர்க்கரை தடவிய ரொட்டிகளைக் கொண்டுவந்திருந்தாள். ரெனாட்டோ வந்து உட்கார்ந்ததும் ஒன்றை வாய்க்குள் திணித்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினான்.

"சரி, நானும் கேண்டஸும் கூட்டணி பக்கம். வெர்னா, நீ தலையை ஆட்டினா போய்க் கோட்டையைப் பார்க்கலாம்."

"தலை என்னோடது. ஆட்ட மாட்டேன்."

"ஆரம்பிச்சுட்டா!" ரெனாட்டோ கூரையைப் பார்த்தான். "ஏம்மா, கப்பல் குடுக்குறாங்க. மடத்துல என்ன குடுக்குறான்? ஓட்ஸ் கஞ்சி!"

"குடிச்சுப் பாரு. உன் தொப்பைக்கு நல்லது."

"தொப்பையைப் பத்திப் பேசாத. இது இத்தாலியச் சொத்து."

கேண்டஸ் சிரித்தாள். ஓரெஸ்ட் சிரிக்கவில்லை, தன் முன்னால் நிறுத்தியிருந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான்.

"கேளு," என்றாள் வெர்னா. "எரிக்கலைன்னு அவ சத்தியம் பண்ணியிருக்கா. நீங்க மூணு பேரும் அங்கதான இருந்தீங்க?"

"டிராகன் சத்தியம் பண்ணினா நம்பிடுறதா?" என்றான் ரெனாட்டோ. "பாலத்து ஊரை எரிச்ச பச்சை டிராகனை மறந்துட்டியா? டிராகன் புத்தியே அதுதான்."

"அந்தப் பச்சை, ஆமா எரிச்சேன், என்னடா பண்ணுவேன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொல்லுச்சு. ஒருத்தன் செஞ்சதுக்கு அந்த இனத்தோட கழுத்தையே அறுக்கிறதா? அப்படின்னா ஊர்ல இருக்கிற குழாய்க்காரன் எல்லாம் உன்ன மாதிரி வேலையைப் பாதியில விட்டுட்டுப் போறவனா?"

"பாரு பாரு, நேரா என் தொழில்ல கை வைக்கிறா!"

கேண்டஸ் ரொட்டியை வைத்துவிட்டு விரலைத் துடைத்தாள். அவள் எப்போதும் நிதானம். "கல்லை யோசிச்சுப் பாரு, வெர்னா. மெர்டோவுல சுவரே உருகி வழிஞ்சிருந்துச்சு. மிம்லா தொட்டுப் பார்த்தாளே. கல்லை உருக்குற நெருப்பு வேற எங்கேர்ந்து வரும்?"

"எனக்குத் தெரியலை."

"அப்புறம்?"

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். தெரியாததை எல்லாம் தூக்கி டிராகன் தலையில கட்டக் கூடாது."

இப்படியே போனது. டிராகனை வானத்தில் பார்த்ததாகச் சொன்ன சாட்சிகளை ரெனாட்டோ இழுத்தான். அந்தச் சாட்சிகள் எல்லோரும் கூட்டணியின் சம்பளக்காரர்கள் என்றாள் வெர்னா. டிராகன்கள் தங்கத்துக்காக எரிக்கும் என்றான். மெர்டோவில் மீன் தவிர என்ன இருந்தது என்றாள். கீழே பனியில் சறுக்க வந்தவர்களுக்கான பாட்டு ஒலிபெருக்கியில் மாறிக்கொண்டே இருந்தது. ரொட்டிப் பெட்டி பாதி காலியாகிவிட்டது. வெர்னாவின் குரல் மட்டும் இறங்கவில்லை. அப்போதுதான் கேண்டஸ் தெரியாமல் அந்த வேலையைச் செய்தாள்.

அவள் வெர்னாவின் கைமேல் கையை வைத்து, மெதுவாக, "வெர்னா, இது டிராகனைப் பத்தி இல்லைதானே?" என்றாள். "வில்ஹோ விஷயத்துல ஊரே ஒரு பக்கம் பேசுச்சு. உன் பக்கத்தை யாரும் கேட்கலை. எனக்குப் புரியுது."

ரெனாட்டோ ரொட்டியை மெல்வதை நிறுத்தினான். வெர்னா தன் கையை உருவிக்கொண்டாள்.

"என்ன புரியுது உனக்கு?"

"கோபப்படாத. நான் வந்து..."

"ஒரு பொம்பளை ஒரு நியாயம் பேசினா, அதுக்குப் பின்னாடி ஒரு புருஷன் ஒளிஞ்சிருக்கணுமா? வில்ஹோ போனான், போகட்டும். அவன் போன அன்னைக்கு நான் பதினொரு மணிக்குத் தூங்கிட்டேன், தெரியுமா? நல்லாத் தூங்கினேன். நான் டிராகனைப் பத்திப் பேசுறேன், கேண்டஸ். டிராகன். பெரிசா, செதிலோட, கழுத்துல சங்கிலியோட கிடக்கே, அது. நான் சொல்றது தப்புன்னா தப்புன்னு சொல்லு. என்னைப் பாவம்னு மட்டும் சொல்லாத."

கேண்டஸின் முகம் சிவந்தது. "சரி," என்றாள். "மன்னிச்சுக்கோ. சொல்லு. கேட்கிறேன்."

வெர்னா மூச்சு வாங்கினாள். அவளுக்கு உண்மையிலேயே வலித்தது. ஊர் முழுக்கச் சொன்னதைத் தாங்கிக்கொண்டவள்தான். இந்த மேசையில் அது வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த வலியை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, வாரம் முழுக்கப் பனி வண்டியில் சுற்றிச் சுற்றி யோசித்து வைத்திருந்ததை எடுத்தாள்.

"கிணத்து டிராகனை ஞாபகம் இருக்கா?"

கேண்டஸுக்கு எப்படி மறக்கும்! அவள் வாழ்நாள் பெருமையே அதுதான். பல வருடத்துக்கு முன், பாழுங்கிணற்றில் கிடந்த ஒரு டிராகன் இவர்கள் மூவரையும் பொசுக்க இருந்தது. மிம்லா அதோடு பேச்சுக் கொடுத்து, அதன் பெயர்மேல் ஆணையிட்டு ஒரு பொய் சொல்ல வைத்துவிட்டாள். உடனே அதன் நெருப்பு அவிந்துவிட்டது, மூவருமாக அதை முடித்தார்கள். அந்தக் கதையைக் கேண்டஸ் தன் கல்யாண விருந்திலேயே சொன்னவள்.

"அன்னைக்கு ஓரெஸ்ட் என்ன சொன்னான்?" என்று கேட்டாள் வெர்னா.

"டிராகன் தன் பேர்மேல பொய்ச் சத்தியம் பண்ணினா நெருப்பு போயிடும்," என்றாள் கேண்டஸ். "திரும்ப வரவே வராது. எந்த டிராகனுக்கும்."

"எந்த டிராகனுக்கும். ஹெல்வுரா எது மேல சத்தியம் பண்ணினா?"

 கேண்டஸின் பார்வை மெதுவாக ஓரெஸ்ட் பக்கம் திரும்பியது.

"தன் பேர் மேல," என்றாள் வெர்னா. "அதுக்கு அடுத்த வாரம், அவளைப் பிடிக்கிறப்போ, கூட்டணியோட இரும்புக் கதவை யார் உருக்கினது? ரெனாட்டோ, உன் டோர்வினோட தாடி பத்திக்கிச்சே, ஓரமா நின்னதுக்கே! சத்தியம் முதல்ல, நெருப்பு அப்புறம். பொய்ச் சத்தியமா இருந்தா அந்த நெருப்பு எங்கேர்ந்து வந்துச்சு?"

 ஓரெஸ்ட் பென்சிலை மேசைமேல் வைத்தான். அவன் முகத்தைப் பார்த்த வெர்னாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவன் மறந்திருக்கிறான். கிணற்று டிராகனை வாயில் வந்தபடி அன்று சொல்லிவிட்டு, மறுநாள் தபால் பையோடு அடுத்த தெருவுக்குப் போனபோதே மறந்துவிட்டிருக்கிறான். உலகத்தைப் படைத்தவனுக்குத் தன் உலகத்தின் சட்டம் நினைவில்லை.

"வெர்னா," என்றான் ஓரெஸ்ட்.  "அவதான் எரிச்சா."

"என்ன?"

"ஹெல்வுராதான் எரிச்சா. ரெண்டு வருஷமா மனசுல வச்சிருந்தேன். நீங்க அவளை நம்பணும், அவளுக்காகச் சண்டை போடணும், கடைசியில அவ சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கணும். அதுதான் கதை. உன்னால இப்பவே சொல்ல வேண்டியதாப் போச்சு."

ரெனாட்டோ மேசையில் ஓங்கி அறைந்தான். பொம்மைகள் குதித்தன. "முடிஞ்சுது! கடவுளே வாயைத் திறந்து சொல்லிட்டாரு!"

"கடவுளுக்குத் தெரியலை," என்றாள் வெர்னா.

"அவன் படைச்சது, வெர்னா!"

"படைச்சா? கிணத்துல சட்டம் போட்டதும் அவன்தான். கதவு உருகுச்சுன்னு சொன்னதும் அவன்தான். ரெண்டையும் இந்த மேசையில வாய்விட்டுச் சொன்னான், நாம கேட்டோம். அவ எரிச்சாங்கிறது இன்னிக்கு வரைக்கும் அவன் மண்டைக்குள்ளதான் இருந்துச்சு. மண்டைக்குள்ள இருக்கிறது நடந்தது ஆகாது."

"அப்போ அந்தக் கிணத்துச் சட்டத்தை மாத்திடு, ஓரெஸ்ட்," என்றான் ரெனாட்டோ. "என்ன பெரிய சட்டம்."

"மாத்துவானா!" கேண்டஸ் நிமிர்ந்தாள். "அப்போ என் கிணத்து டிராகன் எப்படிச் செத்துச்சு? நான் கல்யாணத்துல சொன்னது பொய்யா?"

"உன் கல்யாணமே இதுல தொங்குதா?"

"தொங்குதுன்னே வச்சுக்கோ!"

ஓரெஸ்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவனுக்குக் காயம்பட்டிருந்தது. இரண்டு குளிர்காலம் ஒவ்வொரு வாசலிலும் தபாலைப் போட்டுக்கொண்டே ரசித்து ரசித்து வைத்திருந்த முடிவு, சிந்திய காப்பியாக மேசைமேல் கிடந்தது. காயம்பட்ட நல்ல மனிதர்கள் சட்டத்தைத் தேடுவார்கள். அவனும் தேடினான்.

"ரெண்டு பேர் கூட்டணி பக்கம்," என்றான். "ஒரே படகு, வெர்னா. ஏறு, இல்லேன்னா கெஸ்ரா கதையை விட்டுப் போகட்டும். மடத்துக்குப் போய் நிம்மதியா இருந்தான்னு நானே எழுதிடுறேன். அழகா எழுதுறேன்."

வெர்னா தன் பொம்மையைப் பார்த்தாள். ஆலை மூடிய வாரமும் கெஸ்ரா ஒரு பாலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெர்னா முழங்கால் அறுவை செய்துகொண்டு கிடந்தபோது, இவர்கள் மூவரும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மேசையைப் போட்டு விளையாடினார்கள். அன்று கெஸ்ரா ஓர் அரசனை அறைந்தாள். எத்தனையோ பேரிடம் வெர்னா சொல்ல முடியாமல் விழுங்கியதை எல்லாம் கெஸ்ரா சொல்லியிருக்கிறாள். அவளை இழக்க வெர்னாவுக்குப் பயமாக இருந்தது.  தலையை ஆட்டினால் போதும், அடுத்த ஞாயிறும் கெஸ்ரா இருப்பாள், கோட்டையும் இருக்கும்.

"மடத்துக்கு அனுப்பாத," என்றாள். "நான் எங்கேயும் போகலை. கெஸ்ரா இப்போ குகையிலதான் இருக்கா. அவ நடந்து போய் ஹெல்வுராவோட கழுத்துக்கு முன்னாடி நிக்கிறா."

"எதுக்கு?"

"டோர்வின் வெட்டணும்னா முதல்ல அவளை வெட்டிட்டுப் போகட்டும்."

ரெனாட்டோ அவளையே பார்த்தான். பிறகு அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நான் மாட்டேன்னு நினைக்கிறியா? டோர்வின் ஈட்டியை எடுக்கிறான். ஓரெஸ்ட், எழுதிக்கோ. ஓடி வர்றான்."

"மிம்லா ஒண்ணும் பண்ணலை," என்றாள் கேண்டஸ் சட்டென்று. "நின்னு பார்க்கிறா."

"நல்லாப் பாரு," என்றாள் வெர்னா. பிறகு ஓரெஸ்ட் பக்கம் திரும்பினாள். "கெஸ்ரா திரும்பிப் பார்க்காமலே டிராகன்கிட்ட சொல்றா. ஹெல்வுரா, நீ பொய் சொல்லலைன்னா, ஊது."

அந்த மேசையில் டிராகனின் நெருப்புக்குப் பகடை கிடையாது. நடத்துபவன் சொன்னால் வரும், சொல்லாவிட்டால் வராது. ஓரெஸ்டுக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உறைத்ததும் அவன் நிறம் மாறியது.

"வெர்னா, கழுத்து கட்டியிருக்கு. அவளால நேரா முன்னாடிதான் ஊத முடியும்."

"தெரியும்."

"முன்னாடி நிக்கிறது நீ. டோர்வின்கூட உனக்கு அந்தப் பக்கம்தான். நெருப்பு வந்தா முதல்ல போறது கெஸ்ரா."

"தெரியும்டா."

"தள்ளி நில்லு. ஒரு அடி. நான் கேட்டுக்கிறேன்."

"நான் தள்ளினா இவன் ஈட்டி உள்ள போயிடும். அப்புறம் நெருப்பு இருந்துச்சா இல்லையான்னு யாருக்குமே தெரியாமப் போயிடும். உனக்கு அது வசதியா இருக்கும். எனக்கு இல்லை."

ஓரெஸ்ட் முன்னால் சாய்ந்தான். அட்டை மறைப்பு சரிந்து விழுந்தது; அவன் எடுத்து நிறுத்தவில்லை. "கேளு. நெருப்பு வரலைன்னு நான் சொன்னா கெஸ்ரா பிழைச்சுப்பா. டிராகன் பொய்க்காரி, அவ்வளவுதான். ரெனாட்டோ அவளை ஒதுக்கித் தள்ளிட்டுப் போவான். படகு கிடகு எல்லாத்தையும் நான் மறந்துடுறேன். பதினெட்டு வருஷம், வெர்னா. எனக்கும் அவளைப் பிடிக்கும்."

அவன் உண்மையாகத்தான் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்ததை வெர்னா பார்த்தாள். அவளுக்கும் கண்ணை எரித்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"எனக்காகப் பொய் சொல்லாத," என்றாள். "டிராகனுக்காகவும் சொல்ல வேணாம். கிணத்துல சட்டம் போட்டது நீ. கதவை உருக்கினது நீ. இப்போ அவ வாயைத் திறந்திருக்கா. எது உண்மையோ அதைச் சொல்லு. வருதா, வரலையா?"

"ஏய், நான் வேணும்னா ஈட்டியைக் கீழே..." என்று ரெனாட்டோ தொடங்கினான்.

"நீ பேசாத. நீ ஓடி வந்துக்கிட்டிருக்க."

அவன் வாயை மூடிக்கொண்டான். ஓரெஸ்ட் மேசையில் இருந்த மூன்று பொம்மைகளையும், அவற்றுக்கு எதிரே தான் வைத்திருந்த பெரிய சிவப்பு டிராகனையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இரண்டு வருடக் கதை ஒரு பக்கம், வாய்விட்டுச் சொன்ன சொல் ஒரு பக்கம். கெஸ்ரா நடுவில். அவன் உதட்டை நனைத்துக்கொண்டான்.

"வருது," என்றான்.

ரெனாட்டோ ரொட்டிப் பெட்டியைத் தள்ளி வைத்தான்.

"நெருப்பு வருது. குகை முழுக்க வெள்ளையாகுது. சங்கிலி உருகி ஓடுது. டோர்வின் பின்னால தூக்கி எறியப்பட்டு வெளியே போய் விழறான், தாடி இல்லாம. கெஸ்ரா..." அவனால் முடிக்க முடியவில்லை.

"சொல்லு," என்றாள் வெர்னா.

"கெஸ்ரா நகரலை. நின்ன இடத்துல, நின்னபடியே போயிட்டா."

வெர்னா கையை நீட்டிப் பொம்மையை எடுத்தாள். அந்த மேசையில் இறந்த ஆளை மற்றவர் தொடுவதில்லை. அவள் அதைப் படுக்க வைத்தாள், ஒரு விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். அழுதாள். மறைக்கவில்லை, தலையைக் குனியவும் இல்லை. கேண்டஸும் அழுதாள், இந்த முறை அவள் யாருடைய கைமேலும் கை வைக்கவில்லை.

"அவ பொய் சொல்லலை," என்றாள் கேண்டஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மிம்லா கண்ணால பார்த்துட்டா. ஹெல்வுரா எரிக்கலை."

ரெனாட்டோ தன் பொம்மையை எடுத்து, அதற்கு இனி இல்லாத தாடியைப் பெருவிரலால் தடவினான். பிறகு மெதுவாக ஓரெஸ்ட் பக்கம் திரும்பினான்.

"அப்போ மெர்டோவை யாருடா எரிச்சது?"

ஓரெஸ்ட் மஸூர், அந்த உலகத்தின் ஒவ்வொரு மலையையும் ஆற்றையும் கால்நடையாகப் படைத்தவன், வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"எனக்குத் தெரியாது," என்றான்.

வெர்னா முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இதைத்தானேடா நான் அப்போலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன்."